கேட்டது கிடைச்சுதா, வேற ஏதாவது வந்துதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நெல்லிக்குப்பம் அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். கையில காசில்லாம, போய் நிக்க வேற வாசல் இல்லாம சாமிகிட்ட நின்ன நேரம் எல்லார் வீட்டிலும் ஒண்ணாவது இருக்கும். அதைச் சொல்லுங்க. 'இதைப் பத்து பேருக்கு அனுப்பினா ராத்திரிக்குள்ள நல்ல சேதி வரும்' ரகம் வேண்டாம், அது என் மாமியார் போன்லயே நிறைய இருக்கு. என்ன கேட்டீங்க, என்ன வந்துச்சு, அவ்வளவுதான். எந்தச் சாமியா இருந்தாலும் சரி. சண்டை மட்டும் போடாதீங்க.

திருப்பாதிரிப்புலியூர் பெரியவர்:
நான் கேட்டது பணம்தாம்மா. இதுல ஒளிக்க என்ன இருக்கு. 2011 டிசம்பர் 30 விடியக்காலை தானே புயல் வந்துச்சே, அப்ப எங்களுக்குப் பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு இருந்தது. அப்பா வச்ச மரங்க. தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். மரம் பூ வைக்கிற சமயத்துல வியாபாரி குத்தகைக்கு முன்பணம் கொடுப்பார், அதை நம்பித்தான் மண்டபம், சமையல் எல்லாம் பேசியிருந்தேன். காத்து நின்னப்புறம் போய்ப் பார்த்தா ஒரு மரம் நிமிர்ந்து நிக்கல. வேரோட பெயர்ந்து ஒரே திசையில படுத்துக் கிடந்துச்சு, ஓரத்துல நின்ன பலாவையும் சேர்த்து. விறகுக்காவது தள்ளலாம்னா சுத்துப்பட்டு ஊரெல்லாம் விறகாத்தான் கிடக்குது, யார் வாங்குவா?

கரண்ட் இல்லாத ஊர்ல, பாடலீஸ்வரர் சன்னதியில நின்னு கணக்கு சொல்லிக் கேட்டேன். மண்டபத்துக்கு இவ்வளவு, ஜவுளிக்கு இவ்வளவுன்னு. பணம் வரல. சம்பந்திதான் வந்தார், டிவிஎஸ் பிப்டியில, பின்னாடி ஒரு சிப்பம் அரிசியைக் கட்டிக்கிட்டு. 'மண்டபத்து அட்வான்ஸைத் திருப்பி வாங்கிடுங்க, திருவந்திபுரத்துல பெருமாள் கோயில் மலையில தாலி கட்டிடலாம்'னார். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம் வரல. மானம் போன மாதிரிதான் இருந்துச்சு. ஆனா வேற வழி இல்ல, சரின்னேன். முகூர்த்த நாள்ல அந்த மலை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், எந்த மேளம் நம்ம மேளம்னே தெரியாது. நல்லாத்தான் நடந்துச்சு.

அப்பர் சுவாமியைக் கல்லோட கட்டிக் கடல்ல போட்டாங்க, கல்லே தெப்பமா மிதந்து நம்ம ஊர்ல கரையேறினார், அதனாலதான் கரையேறவிட்டகுப்பம்னு எல்லாரும் சொல்லுவோம். அதுக்கு முந்தின கதையை யாரும் சொல்றதில்ல. அவர் சமண மதத்துக்குப் போயிட்டார். தம்பி திரும்பி வரணும்னு அக்கா திலகவதியார் திருவதிகையில விளக்கேத்தி, வாசல் மெழுகி வேண்டிக்கிட்டே இருந்தாங்க. சிவபெருமான் கனவுல வந்து, சூலை நோய் கொடுத்து அவனை ஆட்கொள்றேன்னு சொன்னதா புராணம். அதாவது அக்கா வேண்டுதலுக்குக் கிடைச்ச பதில் தம்பிக்குக் குடலைப் பிடுங்குற வயித்துவலி! வலி தாங்காமத்தான் அக்கா வீட்டு வாசலுக்கு வந்து நின்னார். சம்பந்தி அரிசி சிப்பத்தோட வந்து நின்னதை நினைச்சா எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

வில்லியனூர் சகோதரி:
ஐயா சொன்னதுக்கு நேர் எதிர் என்னோடது. கேட்டேன், அதுவே கிடைச்சுது.

மகன் குறை மாசத்துல பிறந்தான். எடை 1 கிலோ 300. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க. மூக்குல குழாய், அந்தக் குழாய் வழியா சிரிஞ்சுல என் பால். 3 மில்லி. அது மெதுவா இறங்குறதைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். அடுத்த வேளைக்கு முன்னாடி நர்ஸ் குழாயை உறிஞ்சிப் பார்ப்பாங்க, பால் செரிச்சிருந்தா கூட 1 மில்லி. செரிக்காம திரும்பி வந்தா அன்னைக்கு ஏத்த மாட்டாங்க. நான் மாதாகிட்ட கேட்டதெல்லாம் அந்த 1 மில்லிதான். 'பிள்ளை பெரிய ஆளா வரணும்', 'நூறு வயசு இருக்கணும்' எதுவும் வாயில வரல. இன்னைக்கு ஏத்தச் சொல்லும்மா தாயேன்னு மட்டும்.

எங்க ஊர் மாதா சுரூபம், அதாவது சிலை, 1877-ல பிரான்ஸ்ல இருந்து வந்தது, கோயில் குளத்துல அங்க இருக்கிற லூர்து ஊத்துத் தண்ணியும் கலந்திருக்கு. எங்க அம்மா அந்தத் தண்ணியை பாட்டில்ல கொண்டுவந்து குழந்தை நாக்குல தொட்டு வைக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. நர்ஸ் திட்டவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. 'குழந்தைக்கு வேண்டாம்மா, கிருமி ஏறிடும். நீங்க பொண்ணு நெத்தியில பூசிவிடுங்க'ன்னாங்க. அம்மாவும் சமாதானம் ஆயிட்டாங்க. அப்புறம் அதே நர்ஸ்தான் கங்காரு முறை சொல்லிக் கொடுத்தது. பிள்ளையை டயப்பர் மட்டும் போட்டு என் நெஞ்சோட நெஞ்சா வச்சு மேல துணி சுத்திக் கட்டுவாங்க. உடம்புச் சூடு நிக்கும், எடை ஏறும். அப்படியே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவேன், மணியை உருட்ட ஒரு கைதான் இருக்கும்.

இப்ப நாலாவது படிக்கிறான். சொன்ன பேச்சு கேக்குறதில்ல. நேர்ந்துகிட்ட தொட்டிலைக் காணிக்கையா செலுத்திட்டோம். நர்ஸம்மா செஞ்சதை மாதா செஞ்சதா ஏன் சொல்றேன்னு என் வீட்டுக்காரர் கேப்பார். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்றேன், அவருக்கு என்ன கஷ்டம்?

பரங்கிப்பேட்டை பாய்:
சுருக்கமா சொல்றேன். ஒட்டகத்தைக் கட்டாம விட்டு அல்லாஹ்வை நம்பவா, கட்டிட்டு நம்பவான்னு ஒருத்தர் கேட்டதுக்கு, கட்டிட்டு நம்புன்னு நபி (ஸல்) சொன்னாங்க. 2015 மழையில கடைக்குள்ள தண்ணி ஏறினப்ப துஆ (பிரார்த்தனை) கேட்டுக்கிட்டேதான் மூட்டையெல்லாம் பரண்ல ஏத்தினேன். பாதி தப்பிச்சுது, அல்ஹம்துலில்லாஹ். துஆவுக்கு மூணு விதமா பதில் வரும்னும் ஹதீஸ் (நபிமொழி) இருக்கு: கேட்டதே கிடைக்கும், இல்ல அதே அளவு கெடுதல் விலகும், இல்ல மறுமைக்குச் சேர்த்து வைக்கப்படும். அந்தப் பாதிச் சரக்கு இதுல எந்த வகைன்னு எனக்கு விளங்கல.

தேவனாம்பட்டினம் தம்பி:
எல்லாரும் எழுதுறதைப் படிச்சேன். மனசுல பட்டதைச் சொல்லலாமா? 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயித்துக்கிழமை. பௌர்ணமி வேற. எங்க தெருவுல சாமியை வேண்டிக்காதவங்க யாரும் இல்ல. தங்கச்சி போயிட்டா. பக்கத்து வீட்டுப் புள்ளை தென்னமரத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தப்பிச்சுது. அந்த வீட்டுக்காரங்க 'நாங்க கும்பிட்ட சாமி காப்பாத்திட்டார்'னு சொல்றப்பல்லாம் எங்க அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போயிடுவாங்க. அப்ப நாங்க கும்பிட்டது யாரை?

அம்மா சாமியை விட்டுடல. மாசி மகத்துக்கு எங்க கடற்கரைக்குச் சாமிங்கெல்லாம் தீர்த்தவாரிக்கு வர்றப்ப முதல் ஆளா போய் நிப்பாங்க. கற்பூரம் காட்டுவாங்க, தேங்காய் உடைப்பாங்க. ஆனா எதுவும் கேக்க மாட்டாங்களாம். 'கேட்டுப் பார்த்தாச்சுடா, இப்ப சும்மா பார்க்கத்தான் போறேன்'னு சொல்லுவாங்க. அதை என்னன்னு எடுத்துக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நம்பிக்கைன்னு நீங்க சொன்னா நான் மறுக்கல.

திருப்பாதிரிப்புலியூர் பெரியவர்:
தம்பி, உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. எங்க சைவப் பேச்சுல கர்மவினைன்னு ஒரு பதில் தயாரா இருக்கும், பெத்தவ முன்னாடி அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. சொல்றவங்களையும் நீங்க நம்பாதீங்க.

வில்லியனூர் சகோதரி:
நாங்க பெட்டிக்கு வெளியில நின்ன அதே வாரம் பக்கத்துப் பெட்டிக் குழந்தை போயிடுச்சு தம்பி. அந்த அம்மாவும் என்னை மாதிரியேதான் கேட்டாங்க. அவங்க முன்னாடி என் சாட்சியத்தை நான் ஒருநாளும் சொன்னதில்ல. இன்னைக்கு இங்க எழுதினதை உங்கம்மா படிக்க வேண்டாம்.

பரங்கிப்பேட்டை பாய்:
அக்கா, எல்லாரையும் பேச வச்சுட்டு நீங்க ஒண்ணும் சொல்லலியே?

நெல்லிக்குப்பம் அக்கா:
சொல்ற மாதிரி இன்னும் முடியல பாய். வீட்டுக்காரர் கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கிறார். மூணு மாசமா சம்பளம் வரல. கான்ட்ராக்டரைக் கேட்டா கம்பெனி பில் போடலங்கிறார், கம்பெனியைக் கேட்டா கான்ட்ராக்டரைக் கேளுங்கிறாங்க. வாடகை நிக்குது, பொண்ணுக்குப் பீஸ் கட்டணும். ரெண்டு வெள்ளிக்கிழமையா அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு போடுறேன். அதான் மத்தவங்களுக்கு என்ன வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.

பரங்கிப்பேட்டை பாய்:
விளக்கு போடுங்க, கூடவே ஒட்டகத்தையும் கட்டுங்க. கான்ட்ராக்டர் சம்பளம் தரலன்னா, வேலை வாங்கின கம்பெனிதான் அதைக் கொடுக்கணும். சட்டமே அப்படித்தான். கம்பெனி கைவிரிக்க முடியாது. தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு கொடுக்கச் சொல்லுங்க. அடையாள அட்டை, வருகைப் பதிவு, முன்னாடி சம்பளம் ஏறின பாஸ்புக் பக்கம் எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைங்க. கூட வேலை பார்க்கிறவங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா இன்னும் நல்லது.

தேவனாம்பட்டினம் தம்பி:
திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்ப்பு நாள் அக்கா. அங்கேயும் ஒரு மனு போடுங்க. ரசீது வாங்காம திரும்பாதீங்க. கூட்டம் இருக்கும், காலையிலேயே வந்துடுங்க, எழுதித் தர நான் வரேன்.

நெல்லிக்குப்பம் அக்கா:
சரி தம்பி. கூட வேலை பார்க்கிற ரெண்டு பேர்கிட்ட அவர் இப்பத்தான் பேசினார், ஒருத்தர் வரேன்னார், இன்னொருத்தர் பயப்படுறார். திங்கட்கிழமை முதல் பஸ்ல கிளம்புறோம்.