ரீட்லைனில் தமிழ் தட்டினால் கர்சர் இடம் மாறுகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பாம்பனில் மீன் ஏலக் கணக்கு எழுதும் மாமாவுக்காக பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறேன். மவுஸைத் தொடாமல் மீன் பெயர், எடை, விலை என்று கடகடவென்று தட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கு கமாண்ட் லைன்தான் சரி. தட்டும் வரியைத் திருத்த உதவும் குனு ரீட்லைன் என்ற நிரல் நூலகத்தைச் சேர்த்ததும் பாதி வேலை முடிந்தது. மேல் அம்புக்குறியில் பழைய வரி வருகிறது, கன்ட்ரோல் ஆர் அழுத்தித் தேடலாம், 'சீ' என்று தட்டி டேப் அழுத்தினால் 'சீலா' தானாக நிரம்புகிறது. மாமாவுக்கு இதில் அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல், வரியின் நடுவே திருத்தும்போதுதான். 'வாளை' நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் வ, ா, ள, ை என்று நான்கு குறியீடு. இடது அம்புக்குறியில் பின்னால் போனால் கர்சர் நிற்பது ஓரிடம், அழிவது வேறிடம். 'வா'வில் பேக்ஸ்பேஸ் தட்டினால் 'வ' மட்டும் மிஞ்சுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 12 கிலோ 2 கிலோ ஆகிவிட்டால் படகுக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

ரீட்லைன் போடும் அகலக் கணக்கும் டெர்மினல் (கமாண்ட் லைன் ஓடும் சாளரம்) வரையும் அகலமும் ஒத்துப்போகவில்லை என்று நினைக்கிறேன். லொகேல் (கணினியின் மொழி, எழுத்துக்குறியீட்டு அமைப்பு) யூடிஎஃப்-8தான். பிராம்ப்ட்டில் (தட்டும் இடத்துக்கு முன்னால் தெரியும் குறிப்பில்) வண்ணக் குறியீடும் இல்லை.

தமிழை ஒழுங்காகக் காட்டும் டெர்மினல் எது? எந்த எழுத்துரு? ரீட்லைனை விட்டு, பிராம்ப்ட் டூல்கிட் என்ற பைத்தான் நூலகத்துக்கு மாறினால் தீருமா? கர்சர் முழு எழுத்தாக நகரும்படி யாராவது செய்திருந்தால் அந்தக் கோடைக் கொஞ்சம் காட்டுங்கள். அப்புறம், மாமாவின் லேப்டாப் பழையது. லினக்ஸ், 4 ஜிபி ரேம்.