காக்கஸ் கூட்டத்தில் மூன்று தலை குறைந்தபோது

அமெரிக்காவின் அயோவா மாநிலம் ஏம்ஸில் இருக்கிறோம். குடியுரிமை கிடைத்தபின் நான் கலந்துகொண்ட முதல் தேர்தல் வேலை, 2020 பிப்ரவரி 3 அன்று நடந்த ஜனநாயகக் கட்சியின் காக்கஸ், அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று ஊர்தோறும் கூடித் தேர்ந்தெடுக்கும் கூட்டம். இரவு ஏழு மணிக்குப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூடி, பிடித்த வேட்பாளரின் பலகைக்கு அடியில் போய் நிற்க வேண்டியிருந்தது. கையில் ஓர் அட்டை தந்தார்கள். அதிலும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நான் யார் பக்கம் என்பது மகளின் ஆசிரியை வரை தெரிந்துவிட்டது. அது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

வந்தவர்கள் 180 பேர். 15 சதவீதம், அதாவது 27 தலை இருந்தால்தான் அணி தேறும். ஆண்ட்ரூ யாங் பலகையடியில் ஒன்று, இரண்டு என்று குரல் கொடுத்து எண்ணினோம். 24-இல் நின்றுவிட்டது. கழிவறையில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருவர் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார்.

தேறிய அணிக்காரர்கள் இடம் மாறக்கூடாது என்பது அன்றைய விதி. தேறாதவர்கள் வேறு அணிக்குப் போகலாம், அல்லது வீட்டுக்கு. எமி குளோபுஷார் அணியிலிருந்து பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். குளிர்காலத்தில் எங்கள் வாசல் பனியையும் சேர்த்தே வாரிவிடுகிறவர். “கொள்கை பேச வரவில்லை. எங்களுக்கும் இரண்டு பேர் குறைகிறது, வாருங்கள்” என்றார். போய்விட்டேன். மூன்று மாதமாக வேட்பாளர்களின் திட்டங்களைப் படித்ததெல்லாம் ஒரு பனிவாரியிடம் தோற்றது. எலிசபெத் வாரன் அணியில் அசையாமல் நின்ற மனைவி, வீடு வரும்வரை பேசவில்லை.

எண்ணிக்கையை அனுப்பும் செயலி காலை வாரியதால் அன்றிரவு முடிவே வரவில்லை. கடைசியில், வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுக்குப் பீட் புட்டிஜெஜுக்கு 14 பிரதிநிதிகள், பெர்னி சாண்டர்ஸுக்கு 12. தலைக்கணக்கில் சாண்டர்ஸ்தான் முன்னால்! மற்ற மாநிலங்களுக்கு முன்னால் வாக்களிக்கும் அயோவாவின் முதலிடத்தை, 2024 தேர்தலுக்குக் கட்சி பறித்துத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தது.

* * *

அயோவாவின் தலைநகர் டி மாயினிலிருந்து எழுதுகிறேன். குடியரசுக் கட்சியின் காக்கஸில் இப்படிப் பலகையடியில் இடம்பிடிக்கும் விளையாட்டு இல்லை. 2024 ஜனவரி 15, எலும்பை உறைய வைக்கும் குளிரில் கணவருக்குத் துணையாகப் போனேன். வேட்பாளர்கள் சார்பில் உள்ளூர்க்காரர்கள் பேசினார்கள். பிறகு துண்டுச்சீட்டில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். இவர் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே டிரம்ப் வென்றார் என்று கைப்பேசியில் செய்தி வந்துவிட்டது. “அப்படியென்றால் நான் எதற்கு?” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

* * *

நான் பென்சில்வேனியாவில், 2024 இலையுதிர் காலத்தில் பிரசாரத்துக்காகக் கதவு தட்டியவன். ஒவ்வொரு வீட்டுக்கும் 1 முதல் 5 வரை எண் போட வேண்டும்: 1 நம் ஆள், 5 எதிராளி. துண்டறிக்கையை அஞ்சல் பெட்டியில் போடுவது சட்டப்படி குற்றம்; கதவுப் பிடியில்தான் செருக வேண்டும். ஒரு வீட்டுக் கதவில், “தபாலில் வாக்களித்துவிட்டோம். குழந்தை தூங்குகிறது” என்று ஒட்டியிருந்தார்கள். எந்தக் கட்சி என்று எழுதவில்லை. 3 என்று போட்டுவிட்டு ஓசையில்லாமல் படியிறங்கினேன்.