நர்சிங் படிப்பு: குறைந்த செலவில் எந்த வழியாகப் போனீர்கள்?

வாசலில் நிற்பவள்

வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. நர்சிங்தான் என்பது உறுதி, எங்கே படிப்பது என்பதில்தான் குழப்பம். வீட்டில் இருக்கும் பணம் ஒன்றரை ஆண்டுக்குத் தாங்கும். அதற்கு மேல் கடன்தான்.

நேராக 4 ஆண்டுப் பட்டத்தில் சேரலாம். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய், அப்புறம் பட்டம் வாங்கலாம். இல்லையென்றால் ஒரு மருத்துவமனை தன் செலவில் படிக்க வைக்கிறது, முடித்ததும் அங்கேயே சில ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும். நீங்கள் எந்த வழியில் போனீர்கள், காசு எங்கே ஒழுகியது என்று சொல்லுங்கள். கல்லூரி விளம்பரம் நிறையப் பார்த்துவிட்டேன், அது போதும்.

ஆறு மாதம் பிந்தியவள்

காசு ஒழுகிய கதை என்னிடம் இருக்கிறது. கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் ஆண்டு வகுப்பறையிலேயே ஓடிவிட்டது. வார்டு போஸ்டிங், அதாவது மருத்துவமனைப் பயிற்சி, தொடங்கியபோதுதான், கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது என்பதே உறைத்தது. ஒப்பந்தம் போட்டிருந்த இடத்தில் பிரசவ வார்டு பெயருக்குத்தான் இருந்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டு பிரசவம், அதைப் பார்க்க நாங்கள் 11 பேர். பாவம் அந்தத் தாய்மார்கள், சுற்றிலும் நின்ற எங்களைப் பார்த்து என்ன நினைத்தார்களோ.

லாக் புக்கில் இத்தனை பிரசவம் பார்த்தேன், இத்தனைக்கு உதவினேன் என்று கையெழுத்து வாங்கியாக வேண்டும். எண்ணிக்கை தேறவில்லை. வேறு மருத்துவமனையில் இடம் கிடைக்கும்வரை காத்திருந்து, முடிக்க ஆறு மாதம் கூடிவிட்டது. அந்த ஆறு மாத விடுதிச் செலவையும் வராமல் போன சம்பளத்தையும் கூட்டிப் பார்த்தேன். நான் 'விலை அதிகம்' என்று ஒதுக்கிய கல்லூரியே மலிவாக இருந்திருக்கும்.

அதனால், கட்டணப் பட்டியலைக் கையில் எடுக்கும் முன் சில கேள்விகள் கேள் தங்கச்சி. பிரசவம், குழந்தைகள், மனநலம், சமூக நலம், இந்த நான்கு போஸ்டிங்கும் எங்கே? ஒரு வார்டுக்கு ஒரு நேரத்தில் எத்தனை மாணவர்கள்? நீ சேரும் ஆண்டுக்கான நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? பழைய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்காதே. கவுன்சில் பட்டியலில் நீயே தேடு.

இன்னொன்று, தேர்ச்சி சதவீதம். 'எங்கள் மாணவர்கள் நூற்றுக்கு நூறு' என்பார்கள். தேர்வு எழுதியவர்களில் நூறு என்றுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். நடுவிலேயே நின்றவர்களும், 'இந்த முறை நீ எழுத வேண்டாம்' என்று நிறுத்தி வைக்கப்பட்டவர்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சரியான காலத்தில் முடித்தார்கள் என்று கேட்டுப்பார். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்.

பழைய டிப்ளமோ

நான் டிப்ளமோ கட்சி. 3 ஆண்டு படித்தேன், உடனே வேலை. கடன் சின்னது, இரண்டே ஆண்டில் அடைத்துவிட்டேன். பட்டத்துக்கான மேல்படிப்பில் பாதிக் கட்டணத்தை வேலை பார்த்த மருத்துவமனையே கொடுத்தது. படுக்கையில் கிடப்பவருக்கு டிப்ளமோ கையா பட்டக் கையா என்று வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில்கூட 2 ஆண்டு அசோசியேட் படித்தவரும் 4 ஆண்டுப் பட்டம் படித்தவரும் நர்ஸ் உரிமத்துக்கான ஒரே என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். அந்த 2 ஆண்டு முறை 1950-களில் மில்ட்ரெட் மான்டாக் என்பவர் முன்வைத்த யோசனை. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிள்ளையும் புத்தகமும்

அண்ணா, ஒரே தேர்வு என்பது சரி. கதை அங்கேயே முடிந்துவிடுவதில்லையே. அதே அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2017-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதிதாக நர்ஸாகப் பதிவு செய்பவர் 10 ஆண்டுக்குள் பட்டம் வாங்கியாக வேண்டும். இங்கிலாந்தில் 2013-லிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்குப் பட்டப்படிப்பு மட்டும்தான். டிப்ளமோவில் நுழையலாம், அங்கேயே நின்றுவிட முடியுமா என்பதைப் பார்க்க வேண்டும்.

நானும் டிப்ளமோதான். 'பிறகு பட்டம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தப் 'பிறகு' வருவதற்குள் கல்யாணம், குழந்தை, ஷிஃப்ட். இரண்டு ஆண்டில் முடிய வேண்டிய மேல்படிப்பு எனக்கு ஐந்து ஆண்டு ஆனது. போதாததற்கு, நான் படித்திருந்த உடற்கூறியலையும் நுண்ணுயிரியலையும் புதிய இடத்தில் ஏற்கவில்லை. மறுபடி கட்டணம், மறுபடி தேர்வு. டிப்ளமோவில் சேரும் நாளிலேயே, மேல்படிப்புக்குப் போகக்கூடிய கல்லூரியைக் கேட்டு, எந்தப் பாடங்களை அப்படியே ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். வாய்ப்பேச்சு போதாது. எனக்கு வாய்ப்பேச்சில் 'ஆமாம்' சொன்னவர் நான் சேர்ந்தபோது அங்கே வேலையிலேயே இல்லை.

பழைய டிப்ளமோ

எழுத்தில் வாங்கச் சொன்னது நல்ல யோசனை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடன் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டீர்களே, அதையும் வரவில் வையுங்கள் தங்கச்சி!

பாண்டுக்காரி

மூன்றாவது வழி நான் போனது. கட்டணம், விடுதி, சீருடை எல்லாம் மருத்துவமனை கொடுத்தது. பதிலுக்கு 3 ஆண்டு பாண்டு, அதாவது அங்கேயே வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். கெட்ட முடிவு என்று சொல்ல மாட்டேன், அது இல்லாமல் நான் படித்தே இருக்க முடியாது. கையெழுத்துப் போடும்போது படிக்காமல் போட்டேன் பாருங்கள், தப்பு அங்கேதான்.

பாண்டுக் காலம் படிப்பு முடிந்த நாளிலிருந்து ஓடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கவுன்சில் பதிவு எண் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடுமாம். பதிவு வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் பயிற்சியாளர் சம்பளத்தில் முழு வேலை பார்த்தேன், அது பாண்டில் ஒருநாள்கூடக் கழியவில்லை. நடுவில் விலகினால் முழுத் தொகையும் கட்ட வேண்டும் என்று இருந்தது. வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறைந்துகொண்டே வரும் பாண்டுகளும் உண்டு, கேட்டால் சில இடங்களில் மாற்றித் தருவார்கள். ஒரு தேர்வில் தவறினால் அந்த ஆண்டுக் கட்டணம் யார் தலையில், எந்த வார்டு என்று தேர்வு செய்ய முடியுமா, அசல் சான்றிதழ்கள் யார் கையில் இருக்கும், இவற்றையும் பார். எனக்கு இரண்டாம் ஆண்டில் வேறு இடத்திலிருந்து நல்ல வேலை வந்தது. சான்றிதழ் அவர்கள் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. நான் போகவில்லை.

இரவு ஷிஃப்ட்

நான் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே படித்தவன். பெட்பேன் மாற்றுவது, குளிப்பாட்டுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது. சேர்வதற்கு முன்பே ஓர் ஆண்டு இதைச் செய்ததால், இந்த வேலை எனக்கு ஒத்துவரும் என்று காசு கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. என்னோடு சேர்ந்த நான்கு பேர் முதல் போஸ்டிங்கில் வாந்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். அவர்கள் கட்டிய கட்டணம் திரும்ப வரவில்லை.

ஆனால் பேராசைப்பட்டு வாரத்துக்கு நான்கு இரவு வேலை எடுத்தேன். மருந்தியலில் போய்விட்டது. எங்கள் கல்லூரியில் மருந்தளவுக் கணக்குத் தேர்வில் ஒரு தவறுகூட ஏற்க மாட்டார்கள். அது நியாயம்தான், தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை தவறினேன். மறுதேர்வுக் கட்டணமும் தள்ளிப்போன ஒரு பருவமும் சேர்ந்து, நான்கு இரவு வேலையில் சம்பாதித்ததை அப்படியே விழுங்கிவிட்டன. அதற்கப்புறம் வார இறுதியில் ஒரு ஷிஃப்ட், அவ்வளவுதான்.

மணிக்கணக்கு

வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பயிற்சி மணிகளைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொது நர்ஸ் பயிற்சி குறைந்தது 4600 மணி நேரம், அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. என் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரி தரும் பாடப் பதிவில், மணி நேரம் பாடவாரியாகப் பிரிக்கப்படவே இல்லை. அதை வாங்கப் பழைய கல்லூரிக்கு எத்தனை முறை நடந்தேன் என்பதை எழுதினால் தனிக் கதை.

'எங்களிடம் சிமுலேஷன் லேப் இருக்கிறது, வார்டு குறைந்தால் பரவாயில்லை' என்றும் சொல்வார்கள். நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்துப் பழகும் அறை அது. அமெரிக்க நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனுக்கு மாற்றினாலும் முடிவு மோசமாகவில்லை என்று வந்தது உண்மை. ஆனால் அங்கே அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் முறையான அலசலும் இருந்தன. கை உடைந்த ஒரு பொம்மையை அறையில் கிடத்திவிட்டு அதையும் சிமுலேஷன் என்கிறவர்கள் இருக்கிறார்கள். லேபை நேரில் போய்ப் பாருங்கள்.

வாசலில் நிற்பவள்

எல்லோருக்கும் நன்றி. சின்னச் செலவுகள் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? ஒரு கடைப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், தலை சுற்றுகிறது.

ஆறு மாதம் பிந்தியவள்

அந்தப் பட்டியலில் பாதி வேண்டாம். உடற்கூறியல் புத்தகம் பழைய பதிப்பே போதும், எலும்பு மாறப்போவதில்லை. மருந்துக் கையேடு மட்டும் புதிதாக இருக்க வேண்டும். இதய நிபுணர் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப் முதல் ஆண்டில் எதற்கு? சாதாரணமானது வாங்கு, பெயர் எழுதி ஒட்டு, இல்லையென்றால் காணாமல் போகும். காலணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான ஷூவோடு எட்டு மணி நேரம் நின்றால் குதிகால் பேசும்.

தடுப்பூசி கட்டணத்தில் சேர்ந்ததா என்று கேள். ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸ், வழக்கமாக 0, 1, 6 மாதக் கணக்கு. அது முடிந்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். கடைசி நேரத்தில் ஓடினால் போஸ்டிங் தள்ளிப்போகும்.

வாசலில் நிற்பவள்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். இரண்டு கல்லூரிகளுக்குப் போனேன். அலுவலகத்துக்குப் போகாமல், வார்டிலிருந்து வெளியே வந்த மூன்றாம் ஆண்டு அக்காக்களிடம் கேட்டேன். ஒரு கல்லூரியில் 60 பேர் சேர்ந்து இப்போது 38 பேர் இருக்கிறார்களாம். இன்னொன்றில் 40-க்கு 37. இரண்டாவதில் கட்டணம் கொஞ்சம் கூடுதல், ஆனால் மருத்துவமனை அதே வளாகத்தில் இருக்கிறது, பேருந்துச் செலவு இல்லை. மருத்துவமனையின் பாண்டுப் பத்திரத்தையும் வாங்கி வந்து மாமாவோடு உட்கார்ந்து படித்தேன். விலகினால் முழுத் தொகை என்றுதான் அதிலும் இருக்கிறது. மாதக் கணக்கில் குறைக்க முடியுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. வராவிட்டால் அந்த 37 பேர் கல்லூரிதான்.

எங்கே சேர்ந்தாலும் ஊசி வேண்டுமே என்று முதல் டோஸ் இன்று போட்டுக்கொண்டேன்.

இரவு ஷிஃப்ட்

நல்லது. கை ஒருநாள் வலிக்கும். பதில் வந்ததும் இங்கே எழுது, அந்தப் பத்திரத்தில் மாற்றித் தந்தார்களா என்று எனக்கும் தெரிய வேண்டும்.