சைன் (ஏ+பி) கணக்குல மைனஸ் எப்படி வருது?

யாராச்சும் கொஞ்சம் பாத்து சொல்லுங்கப்பா, ஒரு மணி நேரமா இதுலயே மண்டை காயுது. சைன் ஏ = 3/5, சைன் பி = 5/13, இதுல ஏ முதல் கால்பகுதி, பி ரெண்டாம் கால்பகுதி, சைன் (ஏ+பி) கண்டுபிடிக்கணும். சைன் ஏ காஸ் பி + காஸ் ஏ சைன் பி ஃபார்முலா போட்டு, காஸ் ஏ 4/5, காஸ் பி 12/13னு வச்சு 36/65 + 20/65 = 56/65னு சந்தோஷமா முடிச்சா விடை -16/65னு இருக்கு!! அப்புறம்தான் ரெண்டாம் கால்பகுதில காஸ் மைனஸ்னு உறைச்சுது, -36 + 20, சரி வந்துருச்சு. ஆனா ரெண்டு சைனும் பிளஸ்ஸா இருக்கப்ப கூட்டினா எப்படி மைனஸ் ஆகும்? ஏ+பி 180 டிகிரிய தாண்டிருச்சுன்னு அர்த்தமா? அத கால்குலேட்டர் இல்லாம முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கா?