சீகுங்: அடுத்து எதைப் படிக்கலாம்?

வணக்கம். சீகுங் என்ற சீன மூச்சு, உடற்பயிற்சி முறையில் ஒரு வகையான பா துவான் ஜின்னை இரண்டு வருடமாகக் காலையில் செய்து வருகிறேன். எட்டு அசைவுகளும் கைவந்துவிட்டன. அப்புறம், மரம்போல அசையாமல் நிற்கும் ஜான் ஜுவாங், பத்து நிமிடம். ஏழாவது நிமிடத்தில் தோள் தானாகக் காதை நோக்கி ஏறிவிடுகிறது. "தோளைத் தளர விடுங்கள்" என்பதற்கு மேல் எந்த வீடியோவும் வாய் திறப்பதில்லை. ஏன் தளர வேண்டும், அப்போது மூச்சு எப்படி இருக்க வேண்டும்? எனக்கு வேண்டியது அதுதான்.

கென்னத் கோஹனின் 'தி வே ஆஃப் சீகுங்' (1997) படித்தாயிற்று. யாங் ஜ்விங்-மிங்கின் 'தி ரூட் ஆஃப் சைனீஸ் சீகுங்' கொடுக்கிற காசுக்குத் தகுமா?

வரலாறும் வேண்டும். 1973-இல் சீனாவின் மாவாங்துயி கல்லறையில் கிடைத்த, இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய பட்டு ஓவியத்தில் 44 உருவங்கள் உடற்பயிற்சி செய்கின்றன. 'சீகுங்' என்ற பெயரோ 1950-களில்தான் பரவலானது. இடையில் நடந்ததை ஒழுங்காக எழுதியவர் யார்?

ஆங்கிலம் என்றாலும் சரி, தமிழில் இருந்தால் இரட்டைச் சந்தோஷம். "முப்பதே நாளில் நோய் தீரும்" வகை மட்டும் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிடக்கின்றன.