மான்செஸ்டர் யுனைடெட் 15ஆம் இடம் (2024-25): பழி கோச் மேலா, மேலே இருப்பவர்கள் மேலா?

தூத்தூர்_சிவப்பு கேட்டது:

2024-25 பிரீமியர் லீக் சீசன் முடிந்துவிட்டது. 38 ஆட்டத்தில் 18 தோல்வி, 42 புள்ளி. 1974இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு மான்செஸ்டர் யுனைடெட் இவ்வளவு கீழே முடித்ததே இல்லை. பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம் யூரோப்பா லீக் இறுதியையும் விட்டாச்சு, அடுத்த வருஷம் ஐரோப்பாவில் ஆட்டமே கிடையாது.

ஊரில் தினமும் இதே சண்டைதான். பாதிப் பேர் கோச் அமோரிமின் 3-4-3 (பின்னால் மூன்று டிஃபென்டர் வைத்து ஆடுவது)தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய கோச் டென் ஹாக் 2024 மே மாதம் எஃப்ஏ கப் ஜெயித்தார், அந்தக் கையோடு மரியாதையாக அனுப்பியிருக்கலாம், இல்லை என்றால் ஒரு சீசன் முழுசாக விட்டிருக்கலாம். ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டி, டி லிக்ட், மஸ்ராவி, ஸிர்க்ஸீ, உகார்த்தே, யோரோ என்று ஆட்களை வாங்கிக் கொடுத்து, லீக்கில் ஒன்பது ஆட்டம் முடிந்ததும் அக்டோபர் 28 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு பேர் டிஃபென்ஸுக்காக வாங்கிய டீமை மூன்று பேர் டிஃபென்ஸ் ஆடுகிறவர் கையில் நவம்பரில் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? நீங்கள் சொல்லுங்கள்.

குளச்சல்_10:

அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். சீசன் முடிந்து வருகிறேன் என்று அமோரிம் கேட்டதும், இப்போது வந்தால் உண்டு என்று கிளப் சொன்னதும் அவரே வெளியில் சொன்ன விஷயம்தான். ஆனால் வந்த பிறகு அவர் கொஞ்சமும் வளையவில்லையே. அந்த ஆட்டத்துக்கு விங் பேக் (இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓடுகிறவர்கள்) இரண்டு பேரும் உயிர்நாடி, லெஃப்டில் ஷா காயம், வலது காலன் டலோவை இடது பக்கம் ஓட வைத்து, பிப்ரவரி தொடக்கத்தில் டோர்குவை வாங்கும் வரை அப்படியே ஓட்டினார். கேப்டன் புரூனோவைப் பல ஆட்டங்களில் மிட்ஃபீல்டு இரண்டு பேரில் ஒருவராகப் பின்னால் இறக்கிவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாப் போட்டியும் சேர்த்து 19 கோல் அடித்த மனிதர் அவர். முன்னால் நின்ற ஹொய்லுண்ட் லீக்கில் 4, ஸிர்க்ஸீ 3. முன்வரிசை ஆட்டக்காரர்கள் ராஷ்ஃபோர்டையும் ஆன்டனியையும் ஜனவரி-பிப்ரவரியில் வேறு கிளப்புகளுக்குக் கடனாக அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு ஒருவரையும் வாங்கவில்லை.

இறுதிப் போட்டியிலும் அதே கதை. 42ஆவது நிமிடம் டாட்டன்ஹாமின் ஜான்சன் கோல். அப்புறம் பந்து முழுக்க நம்மிடம்தான், ஹொய்லுண்ட் தலையால் அடித்ததை அவர்கள் டிஃபென்டர் வான் டி வென் கோட்டிலேயே பறந்து எடுத்தார், அதைத் தவிர பெரிதாக என்ன இருந்தது? நம் விங்கர் கார்னாச்சோவை 71ஆவது நிமிடம் வரை உட்கார வைத்தது ஏன்? அந்த டாட்டன்ஹாம் லீக்கில் 17ஆம் இடம்! இந்த சீசனில் அவர்களிடம் நான்கு முறை ஆடி நான்கிலும் தோற்றோம்.

வல்லவிளை_ஸ்டாப்பர்:

ஆட்டக்காரர்களுக்குத் திறமை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள் மக்கா. யூரோப்பா காலிறுதியில் லியோனுடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்தை யோசித்துப் பாருங்கள். அன்று பெரிய வியாழன். கோவிலில் ஆராதனை முடிந்து வந்து, நம் நேரம் பன்னிரண்டரைக்கு மொட்டை மாடியில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்தோம். 2-0 முன்னால் இருந்து 2-2 ஆகி, எக்ஸ்ட்ரா டைமில் 2-4. பத்து பேரை வைத்துக்கொண்டு லியோன் அடிக்கிறது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் 114இல் புரூனோ பெனால்டி, 120இல் மைனூ, 121இல் மக்வயர் தலை. பெரிய வெள்ளி பிறந்துவிட்டது, கத்த முடியாது. வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்து ஆடினோம், பக்கத்தில் இருந்தவன் என் தோளைக் கடித்தே விட்டான்.

ஈஸ்டர் ஞாயிறு சாயங்காலம் அதே சொந்த மைதானம் ஓல்ட் டிராஃபோர்டில் லீக் ஆட்டத்தில் வுல்வ்ஸிடம் 0-1. இதுதான் எனக்குப் புரியவில்லை. யூரோப்பாவில் இறுதி வரை ஒரு தோல்வி கிடையாது, லீக்கில் யார் வந்தாலும் அடித்துவிட்டுப் போகிறார்கள். லீக்கைப் பாதியிலேயே கைகழுவிவிட்டு ஒரே கோப்பையை நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். அது தவறு. லீக் ஆட்டத்துக்கும் காசு கொடுத்துதான் ஆட்கள் உள்ளே வருகிறார்கள்.

நாரோயில்_பழையவர்:

காசு என்றதும் சொல்கிறேன் தம்பி. சீசன் நடுவில் மெம்பர் டிக்கெட்டை 66 பவுண்டு ஆக்கி, சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் இருந்த சலுகையையும் எடுத்தார்கள். கிளப்பின் பங்கு வாங்கிய ராட்கிளிஃப் ஆட்கள் வந்த பிறகு முதலில் 250 பேர் வேலை போனது, அப்புறம் இன்னும் 200 பேர் வரை என்று அறிவித்தார்கள். டென் ஹாக்கையும் அவர் உதவியாளர்களையும் அனுப்பக் கொடுத்தது மட்டும் ஒரு கோடி பவுண்டுக்கு மேல். விளையாட்டு இயக்குநர் என்று ஆஷ்வொர்த்தைக் கொண்டு வந்து ஐந்து மாதத்தில் அனுப்பினார்கள். சமையல்காரர், அலுவலகப் பையன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மேலே எடுத்த தவறான முடிவுக்கு நஷ்ட ஈடு கட்டுகிற கிளப் இது. இதைப் பார்க்க எனக்குத் தோல்வியை விட வலிக்கிறது. அமோரிம் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

தூத்தூர்_சிவப்பு:

குளச்சல் தம்பி, புரூனோ விஷயம் நீ சொன்னது சரி, அங்கே நானும் கோச் பக்கம் பேச மாட்டேன். ஆனால் அடுத்த சீசன் வாரத்தின் நடுவில் ஐரோப்பிய ஆட்டம் இல்லை, முழு வாரம் பயிற்சி கிடைக்கும், கோல் அடிக்க ஒருவரை உருப்படியாக வாங்கிக் கொடுத்துவிட்டு டிசம்பரில் பேசுவோம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஆகஸ்டில் எங்கள் மீன்பிடிப் படகு கிளம்பிவிடும், லீக் தொடங்கும்போது நான் கடலில் இருப்பேன். யாராவது ஸ்கோரையும் கோல் அடித்தவர் பெயரையும் இங்கே போட்டு வையுங்கள், கரைக்கு வந்ததும் படித்துக்கொள்கிறேன்.