கலைச்சொல் உதவி: 'பிராட் பீன்' (திங்கள்கிழமை அச்சு)

தண்டையார்பேட்டை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி மொட்டைமாடித் தோட்டத்துக்காக, இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு எழுதிய ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'பிராட் பீன்' பாடத்தில் நின்றுவிட்டேன். நம் ஊரில் அவரைக்காய்க்கே ஆங்கிலத்தில் இந்தப் பெயரைப் போடுகிறார்கள். படத்தில் இருப்பதோ வேறு செடி. நாலு பட்டையாக நிமிர்ந்த தண்டு, பற்றுக்கம்பி இல்லை, வெள்ளைப் பூவில் கறுப்புப் பொட்டு, காயைப் பிளந்தால் உட்புறம் பஞ்சு மெத்தை மாதிரி வெள்ளையாக இருக்கிறது. வெறுமனே 'அவரை' என்று எழுதினால் பிள்ளைகள் வீட்டில் ஏறும் கொடியைத்தான் நினைப்பார்கள். என்ன எழுதட்டும்?

ராயபுரம் புலவர் ஐயா:

பேரவரை. பெருமை + அவரை, ஈறுபோதல், ஆதிநீடல். விதி நேராகப் பொருந்துகிறது. கொத்தவரை, வாளவரை, சிறகவரை என்று உருவத்தை முன்னே வைத்துப் பெயரிடுவது நம் மரபு. அவை எல்லாம் ஒரே பேரினமா என்று யாரும் கேட்கவில்லை. 'அகலவரை' என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அது 'அகலும் வரை' என்று ஒலிக்கும்.

மாதவரம் தோட்டக்காரர்:

ஐயா, பேரவரை என்றால் எங்கள் பக்கம் பெரிய அவரைக்காய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பட்டை அவரை, செடி அவரை, குத்தவரை எல்லாம் நம் அவரை வகைகளுக்கே போய்விட்டன. விதைக்கடையில் 'செடி அவரை' கேட்டால் பந்தல் தேவைப்படாத அவரைதான் கையில் வரும்.

பெயரைவிட எனக்கு இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. இந்தச் செடிக்குச் சுமார் 15 முதல் 20 டிகிரி குளிர் வேண்டும். அங்கே அக்டோபர், நவம்பரில் விதைத்துப் பனியில் விட்டுவைப்பார்கள். இல்லையென்றால் பிப்ரவரிக்கு மேல் விதைப்பார்கள். சென்னையில் தை மாதப் பகலே 29, 30 டிகிரி. செடி வந்தாலும் வெயிலில் பூ உதிர்ந்துவிடும். பிள்ளைகள் காய்க்காகக் காத்திருந்து மனம் விட்டுப்போவார்கள். பாடத்தை அப்படியே மொழிபெயர்த்துவிட்டு, கீழே 'நம் மாடிக்கு ஆடிப்பட்டத்தில் அவரை போடுங்கள்' என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

அப்புறம், முதல் காய்கள் பிடித்ததும் கொழுந்தை எடுக்கச் சொல்வார்களே, அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். பருத்திக்குச் சொல்லும் 'நுனி கிள்ளுதல்' இருக்கிறது. இளங்கொழுந்தில்தான் கறுப்பு அசுவினிப் பூச்சி மொய்க்கும், அதனால்தான் கிள்ளுகிறார்கள்.

திருவொற்றியூர் மொழிபெயர்ப்பாளர்:

இந்தியில் பாக்லா. அரபியில் பாகிலா என்று இருப்பதும் இதே சொல்தான். வேறு எதற்கும் தமிழில் பயன்படாத சொல் என்பதால் குழப்பமே வராது. உருளைக்கிழங்குக்குப் பெயர் வைத்த மாதிரி எல்லாவற்றுக்கும் நம்மால் வைக்க முடியாது. பாக்லா என்று எழுதிவிட்டுப் போகலாம்.

ராயபுரம் புலவர் ஐயா:

முடியாது என்று முயலாமலே சொல்லக் கூடாது. குறுந்தொகை 82-இல் 'கொழுங்கொடி அவரை' பனிக்காலத்தில் பூக்கிறது. பனிப்பருவம் இந்தச் செடிக்கும் பொருந்துகிறது அல்லவா? 'பனியவரை' என்றுகூடச் சொல்லலாம்.

எண்ணூர் உறுப்பினர்:

எங்கள் வீட்டார் பர்மாவிலிருந்து வந்தவர்கள். அங்கே பயறு வகைக்கெல்லாம் 'பே' என்றுதான் பெயர். மொய்ங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸில் நொறுக்கிப் போடும் பேஜோ என்ற பருப்புப் பொரிப்பும் அந்தப் 'பே'தான். நம் 'பயறு' இதனோடு உறவுள்ளது என்று நினைக்கிறேன். பய > பே, ஐயம் என்ன?

திருவொற்றியூர் மொழிபெயர்ப்பாளர்:

ஓரசை ஒத்துப்போனால் உறவு ஆகாது. பர்மியம் வேறு குடும்பம். தனி இழை தொடங்குங்கள், ஆசிரியைக்குத் திங்கள் கெடு.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய்:

நான் இங்கே படிக்க மட்டும் வருகிறவள். ஆனால் இதில் பேசாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்கு ஜி6பிடி நொதிக் குறைபாடு. பிறந்தபோது கொடுத்த தாளில் தவிர்க்க வேண்டிய உணவாக 'அவரை' என்று தமிழில் அச்சடித்திருந்தார்கள். அதை நம்பிப் பல காலம் எங்கள் வீட்டில் அவரைக்காய்ப் பொரியல் இல்லை, பொங்கலுக்கு மொச்சைக் குழம்பு இல்லை. பிறகு வேறொரு மருத்துவர்தான் விளக்கினார்: ரத்தச் சிவப்பணுவை உடைக்கும் வைசின், கான்வைசின் என்ற பொருள்கள் இந்த வெளிநாட்டுப் பயறில்தான் இருக்கின்றன, நம் அவரையில் அந்தக் கெடுதல் இல்லை. மறுபக்கமும் யோசியுங்கள். 'அவரை சாப்பிடலாம்' என்று தெரிந்துகொண்ட வீட்டில், நாளை 'பேரவரை' என்று பெயரிட்ட பொட்டலம் வந்தால் அந்தத் தாய் தயங்காமல் சமைத்துவிடுவாள். 'அவரை' என்ற ஈறே வேண்டாம் ஐயா.

மாதவரம் தோட்டக்காரர்:

இதற்கு மேல் எனக்கு வாதம் இல்லை. பாக்லா. கூடவே 'பயறு' சேர்த்தால் பிள்ளைகளுக்கு என்ன வகை என்று புரியும்.

ராயபுரம் புலவர் ஐயா:

அம்மா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் அது எச்சரிக்கைக் குறிப்பின் வேலை, பெயரின் வேலை அல்ல. கொத்தவரையைத் தின்று யாரும் அவரை என்று ஏமாறவில்லை. 'அவரை' வேண்டாம் என்றாலும் 'நாற்பட்டைப் பயறு' இருக்கிறது. தண்டைத் தொட்டுப் பார்த்தாலே பிள்ளை பெயரைச் சொல்லிவிடும்.

திருவொற்றியூர் மொழிபெயர்ப்பாளர்:

நல்ல சொல்தான். ஆனால் சமைக்கிறவர் தண்டைப் பார்ப்பதில்லை, உரித்த பருப்பைத்தான் பார்க்கிறார்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

நன்றி. இப்போதைக்குப் 'பாக்லா பயறு' என்று போட்டுவிட்டேன். முதல் பக்கத்திலேயே, இது நம் அவரையும் அல்ல மொச்சையும் அல்ல, ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் தின்னக் கூடாது என்று தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். ஆடிப்பட்ட வரியும் இருக்கிறது. 'நாற்பட்டை' என்பதைத் தண்டின் விளக்கத்தில் எடுத்துக்கொண்டேன் ஐயா.

ராயபுரம் புலவர் ஐயா:

அச்சுக்குப் போகட்டும். என் மறுப்பு மறுப்பாகவே இருக்கிறது. மறுபதிப்பு வந்தால் திரும்பவும் எழுதுவேன். கையேட்டில் டபுள் பீன்ஸும் இருக்கிறதா? அதற்கும் இதற்கும் குழப்புகிறவர்கள் உண்டு, அது வேறு இனம். அதை இப்போதே பேசிவிடலாம்.